பழைய பைக்கை வீட்டில் வைத்து ஓடவைக்க: பேப்பர் முதலில், ஸ்பேனர் பிறகு

மாமா விட்டுப்போன சாமுராய், கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடக்கும் ஆர்எக்ஸ் 100, கோழி அடைகாக்கிற பழைய புல்லட். இப்படி ஒரு வண்டி கண்ணில் பட்டு, வீட்டிலேயே கழற்றிப் பூட்டி ஓட்டிவிடலாம் என்று கை பரபரக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீடியோக்கள் எல்லாம் நட்டு கழற்றுவதில் தொடங்கிப் பளபளக்கும் பெயின்டில் முடிந்துவிடுகின்றன. ஆர்டிஓ ஆபீஸ் அவற்றில் வருவதே இல்லை. எனக்கு இன்ஜினில் போன நேரத்தைவிட அந்த ஆபீஸ் வாசலில் போன நேரம் அதிகம். தமிழ்நாட்டில் பதிவாகி 15 வருடம் தாண்டிய இருசக்கர வண்டியை மனதில் வைத்து வரிசையாகச் சொல்கிறேன். அந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

1. அட்வான்ஸ் கொடுக்கும் முன் நம்பரை விசாரியுங்கள்

பரிவாஹன் தளத்திலோ எம்பரிவாஹன் செயலியிலோ வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவு எதுவரை செல்லும், எந்த ஆர்டிஓ, கடன் பாக்கி இருக்கிறதா என்பது தெரியும். இ-சலான் தளத்தில் அபராத பாக்கியையும் பாருங்கள். பாக்கி இருந்தால் பெயர் மாற்றமோ புதுப்பித்தலோ நகராது.

1989-க்கு முன் பதிவான, மூன்றெழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட பழைய நம்பர் என்றால் தளத்தில் ஒன்றுமே வராமல் போகலாம். அதனால் வண்டி போலி என்று அர்த்தமில்லை. பழைய லெட்ஜரில் இருக்கும் விவரம் கணினியில் ஏறவில்லை, அவ்வளவுதான். அசல் ஆர்.சி. புத்தகத்தோடு பதிவான ஆர்டிஓவுக்குப் போய் 'பேக்லாக் என்ட்ரி' போடச் சொல்ல வேண்டும். லெட்ஜரைத் தேடி எடுக்கவே சில வாரம் ஆகும். இதை வாங்குவதற்கு முன்பே, விற்பவரையே செய்யச் சொல்லுங்கள். "நீங்க வாங்கிட்டுப் போய் ஈஸியா போட்டுக்கலாம் சார்" என்று அவர் சொன்னால் அந்த ஈஸிக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள்.

திருட்டு வண்டியா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லாச் சான்று) சேவையில் பதிவு எண், சேஸ் எண், இன்ஜின் எண் மூன்றையும் போட்டால் அந்த வண்டி போலீஸ் பதிவில் தேடப்படுகிறதா என்று தெரியும். அதைப் பிரிண்ட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. எப்போது காலாவதி ஆனது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிற கேள்வி. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தவறினால் பைக்குக்கு மாதம் 300 ரூபாய் தாமதக் கட்டணம் சேரும். ஐந்து வருடம் கொட்டகையில் கிடந்தால் 60 மாதம், 18,000 ரூபாய். உங்கள் வண்டிக்கு எந்த மாதத்திலிருந்து கணக்கு என்று ஆர்டிஓவில் கேட்டு, அந்தத் தொகையை வண்டி விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். விற்பவர்கள் இதைத் தானாகச் சொல்வதில்லை.

2. வண்டி யார் பெயரில் இருக்கிறது?

உங்களிடம் விற்கிறவர் பெயரில் இருக்காது. பழைய வண்டிகள் மூன்று நான்கு கை மாறியிருக்கும். முதல் உரிமையாளர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்கள் மட்டும் கூடவே பயணம் செய்திருக்கும். அந்தப் படிவங்களை நம்பி ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இப்போது ஆன்லைனில் விண்ணப்பித்தால் பதிவில் உள்ள மொபைலுக்கு ஓடிபி போகும். முதல் உரிமையாளர் ஆளே கிடைக்கவில்லை என்றால் கதை அங்கேயே நின்றுவிடும்.

உரிமையாளர் உயிரோடு இருந்து கையெழுத்துப் போடத் தயார் என்றால் வேலை சுலபம். படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30, அசல் ஆர்.சி., இருவரின் அடையாள, முகவரிச் சான்று, இன்சூரன்ஸ், புகைச் சான்று. இதோடு தேதி, நேரம் போட்ட ஒரு விற்பனை ஒப்பந்தமும் எழுதிக்கொள்ளுங்கள். ஏன் என்பது 7-வது படியில் வரும். விற்ற 30 நாளுக்குள் வாங்குபவர் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

உரிமையாளர் இறந்திருந்தால் படிவம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபனை இல்லாக் கடிதம் எல்லாம் வேண்டும். வாரிசுச் சான்றிதழ் தாலுகா அலுவலகத்தில் கிடைக்க நாளாகும். அதைவிட, அண்ணன் தம்பிகள் ஒன்றாகக் கையெழுத்துப் போடத்தான் அதிக நாளாகும். 'செத்துப்போன அப்பா வண்டி' என்று பாசத்தோடு கொடுப்பவர்கள்கூட, விலை ஏறியிருக்கிறது என்று தெரிந்ததும் மாறிவிடுவார்கள். முதலில் வாரிசு பெயருக்கு மாறட்டும், பிறகு நீங்கள் வாங்குங்கள்.

ஆர்.சி. தொலைந்திருந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்து, படிவம் 26-இல் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவு பெற்ற உரிமையாளர்தான், நீங்கள் அல்ல.

கடன் முத்திரை ஒரு தனிப் பொறி. 90-களில் தவணையில் எடுத்த வண்டி. தவணையைக் கட்டி முடித்து முப்பது வருடம் ஆகியிருக்கும், ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் மட்டும் அப்படியே நிற்கும். நீக்க அந்தக் கம்பெனி படிவம் 35-இல் கையெழுத்துப் போட வேண்டும். கம்பெனியே மூடப்பட்டிருந்தால்? என் யோசனை, அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

புதுச்சேரி, கர்நாடகா நம்பர் என்றால் அங்கிருந்து படிவம் 28-இல் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, புது நம்பர் போட வேண்டும். முதல் வண்டிக்கு இந்தத் தலைவலி வேண்டாம்.

3. கழுத்தில் உள்ள எண்ணைக் காப்பாற்றுங்கள்

ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில் சேஸ் எண் குத்தியிருக்கும். சட்டத்தின் கண்ணில் உங்கள் வண்டி என்பது அந்த எண்தான்; மற்றதெல்லாம் உதிரிபாகம். வீட்டில் வேலை செய்கிறவர்கள் அதிகம் கோட்டைவிடுவதும் இங்கேதான்: துரு எடுக்கிறேன் என்று கிரைண்டரில் ஃப்ளாப் டிஸ்க் போட்டு ஓட்டினால் எண் மழுங்கிவிடும். சேண்ட் பிளாஸ்ட் செய்து பவுடர் கோட்டிங் கொடுத்தால் அதன் கனத்தில் எண் மூழ்கிவிடும். ஆர்டிஓ ஆய்வாளர் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது வெறும் சாம்பல் நிறம்தான் வரும்.

ஆகவே எந்த வேலைக்கும் முன்னால் அந்த இடத்தை மண்ணெண்ணெயும் துணியும் போட்டுக் கையால் துடையுங்கள். வெள்ளைத்தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்த்து மூன்று நான்கு பிரதி எடுங்கள். போட்டோவும் எடுங்கள். ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயின்டருக்குக் கொடுக்கும்போது எண்ணின் மேல் நீங்களே டேப் ஒட்டிக் கொடுங்கள், அவர் ஒட்டுவார் என்று விடாதீர்கள். எண் தேய்ந்திருந்தால் பட்டறையில் புதிதாகக் குத்த வைக்கவே கூடாது. அது ஆர்டிஓ அனுமதியோடு மட்டுமே செய்ய வேண்டியது.

இன்ஜின் எண்ணுக்கும் இதே கணக்கு. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் முழு இன்ஜின் கிடைக்கும். கிடைக்கிறது என்பதற்காக வாங்கிப் பூட்டினால், ஆர்.சி.யில் வேறு எண், வண்டியில் வேறு எண். பில் இல்லாத இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது, போலீஸுக்குத் தெரிந்திருக்கலாம். கூடியவரை எண் குத்தியிருக்கும் பழைய கிராங்க் கேஸையே (இன்ஜினின் வெளிக்கூடு) வைத்துக்கொண்டு உள்ளே உள்ளதை மாற்றுங்கள்.

4. இடம், கரன்ட், கருவி

ஒரு பைக் படுக்க, நீங்கள் சுற்றி நடக்க, ஒரு மேசை போட இடம் போதும். மொட்டை மாடி ஷெட் நல்லது, ஆனால் வண்டியை ஏற்றுவது யார்? தரைத்தளத்தில் காற்றோட்டமுள்ள போர்ட்டிகோதான் என் தேர்வு. கேஸ் சிலிண்டர், துவைத்த துணி, வைக்கோல் பக்கத்தில் இருக்கக்கூடாது.

வெல்டிங் மிஷினுக்கு சிங்கிள் பேஸ் 200 ஆம்ப்ஸ் இன்வெர்ட்டர் வகை போதும். 2.5 மி.மீ. வெல்டிங் ராடை 70, 80 ஆம்ப்ஸில் ஓட்டினால் 16 ஆம்ப்ஸ் பிளக் தாங்கும். மிஷினை முழுசாக முடுக்கினால் தாங்காது. அந்த பிளக்குக்கு மீட்டர் போர்டிலிருந்து தனி வயர், குறைந்தது 2.5 சதுர மி.மீ., தனி எம்சிபி (சுமை மீறினால் துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) போடச் சொல்லுங்கள். டிவிக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் ராடுக்கு முன் பாக்ஸ் உருகும். பவர்கட்டுக்கு வைத்திருக்கும் பேட்டரி லைனில் அந்த பிளக் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் பிரித்துவிடுங்கள்.

வீட்டு இணைப்பில் உங்கள் வண்டியைச் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு கேட்டைப் பணம் வாங்கி ஒட்ட ஆரம்பித்தால் அது வேறு கட்டண வகை. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-இன் கீழ் இரட்டிப்புக் கட்டணம் போட்டு வசூலிப்பார்கள்.

செலவு தோராயமாக:

- வெல்டிங் மிஷின்: 6,000 முதல் 9,000
- தானாகக் கறுக்கும் ஹெல்மெட்: 1,500 முதல் 2,500
- தோல் கையுறை: 300 முதல் 500
- 4 இஞ்ச் கிரைண்டர்: 2,000 முதல் 3,500
- பெஞ்ச் வைஸ்: 2,000 முதல் 3,000
- ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட்: 1,500 முதல் 3,000
- இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவர்: 400 முதல் 700

சென்னையில் செம்புதாஸ் தெருவில் பேரம் பேசி வாங்கலாம். கையிருப்பு குறைவு என்றால் ஸ்பேனரில் நல்ல கம்பெனி வாங்குங்கள், மிஷினில் சமாளியுங்கள். வளைகிற ஸ்பேனர் நட்டின் மூலையை உருட்டிவிடும். அப்புறம் அந்த நட்டை எடுக்கத்தான் வெல்டிங் மிஷினே தேவைப்படும். இம்பாக்ட் டிரைவர் கட்டாயம். ஜப்பான் வடிவமைப்பு இன்ஜின்களின் சைடு கவர் ஸ்க்ரூக்கள் சாதாரண ஸ்டார் டிரைவருக்குப் பொருந்துவது போலத் தெரியும், அழுத்தித் திருப்பினால் தலை வழுக்கிப் போகும்.

கிரைண்டரில் கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வது நம் ஊர்ப் பட்டறைப் பழக்கம். அதைக் காப்பியடிக்காதீர்கள். வீல் மீது எழுதியிருக்கும் வேகம் மிஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தால் அது வெடித்துச் சிதறும்.

5. வெல்டிங்: எதில் கை வைக்கலாம், எதில் கூடாது

முதல் ராடை வண்டியில் வைக்காதீர்கள். கிரில் பட்டறையில் துண்டு இரும்பு கிலோ கணக்கில் கிடைக்கும். 3 மி.மீ. பட்டையும், 2 மி.மீ. கனமுள்ள ஒரு இஞ்ச் சதுரக் குழாயும் வாங்கி, உங்கள் வண்டிக்கே ஒரு ஸ்டாண்ட் செய்யுங்கள். அதில் வண்டி ஒரு வாரம் விழாமல் நின்றால் அடுத்ததற்குப் போகலாம்.

ராடு 6013 ரகம். ஐப்பசி மழையில் திறந்து வைத்த பாக்கெட் ஈரம் வாங்கிவிடும், ராடு ஒட்டிக்கொண்டே இருக்கும். காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். பழைய வண்டியின் தகடு 1 மி.மீ. அளவில்தான் இருக்கும். 2.5 மி.மீ. ராடு வைத்தால் ஓட்டை விழும். 2 மி.மீ. ராடு, 40 முதல் 55 ஆம்ப்ஸ், ராடை நெகட்டிவில் கொடுத்து, நீளமாக இழுக்காமல் பொட்டுப் பொட்டாக வைத்து ஆறவிட்டுப் போங்கள். மட்கார்டு போல அதைவிட மெல்லிசு என்றால் மிக் மிஷின் (ராடுக்குப் பதில் மெல்லிய கம்பி தானாக வரும் வெல்டிங் மிஷின்) உள்ள பட்டறையில் கொடுப்பதே மேல்.

வீட்டில் செய்யத் தக்கவை: பேட்டரி பெட்டி, கேரியர், மட்கார்டு ஸ்டே, செயின் கவர் காது, கிராஷ் கார்டு. கை வைக்கக்கூடாதவை: சேஸ் கழுத்து, ஸ்விங் ஆர்ம், ஃபோர்க், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட் தாங்கும் குழாய். இவை விட்டுப்போனால் ஓட்டுகிறவர் விழுவார். பெட்ரோல் டேங்கைத் தனியாகவே சொல்கிறேன்: வீட்டில் வேண்டவே வேண்டாம். பல வருடம் காலியாகக் கிடந்த டேங்கிலும் ஆவி நிற்கும், ஒரு பொறி போதும். டேங்க் வேலை மட்டுமே செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள்.

வண்டியிலேயே வைத்து ஒட்டுவதானால் டேங்கைக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். பேட்டரியையும், ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சிடிஐ பெட்டியையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். முன்சக்கரத்தில் மாட்டிப் பின்னால் ஒட்டினால் கரன்ட் பேரிங் வழியாகப் போய்க் குண்டுகளில் தழும்பு விழும். பெயின்டையும் நாகப் பூச்சையும் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள், நாகப்புகை இரவில் காய்ச்சல் கொண்டுவரும். பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்த இடத்தில் அது காயாமல் ஆர்க் அடிக்கவே கூடாது. குளோரின் கலந்த ரகமாக இருந்தால் வருவது விஷவாயு.

ஹெல்மெட் இல்லாமல் 'ஒரே ஒரு டேக்' (ஒரு பொட்டு வெல்டிங்) வைத்தாலும் கண் வாங்கிவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. இரவு பத்து மணிக்குக் கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல எரியும். உருளைக்கிழங்கு, தாய்ப்பால் வைத்தியம் எல்லாம் சொல்வார்கள். கண் மருத்துவரிடம் போங்கள். பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் குழந்தைகளையும் உள்ளே அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

6. இன்ஜின்

இதற்கு வீடியோக்கள் ஏராளம் என்பதால் சுருக்கமாக. கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்து, நட்டுகளை டப்பாவில் பெயர் எழுதிப் போடுங்கள். சிலிண்டரை லேத் பட்டறையில் அளக்கச் சொல்லுங்கள். பிஸ்டன் 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. ஓவர்சைஸில் வரும், ஏற்கெனவே 1.00 போயிருந்தால் சிலிண்டருக்குள் புது ஸ்லீவ் (உட்குழாய்) அடிக்க வேண்டும். கிராங்க் வேலைக்கு பிரஸ் தேவை, அதையும் அங்கேயே கொடுங்கள். நல்ல பட்டறை என்றால் இரண்டு மூன்று வாரம் காக்க வைப்பார்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் ஒரு பொறி உண்டு. பழைய உரிமையாளர் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு பெட்ரோலில் 2டி ஆயில் கலந்து ஓட்டியிருக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் சில கிலோமீட்டரில் பிஸ்டன் பிடித்துவிடும். பம்ப் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே கிக்கரை உதையுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் டியூப்புகளும் கார்புரேட்டர் வாஷர்களும் தாங்காது, எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள்.

7. புகை, இன்சூரன்ஸ், ஆர்டிஓ

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ஆர்.சி. புதுப்பிக்க இன்சூரன்ஸும் புகைச் சான்றும் வேண்டும். புகைச் சான்றுக்கு இன்ஜின் ஓட வேண்டும். காலாவதியான ஆர்.சி.யில் பெயர் மாற்றமும் தனியாகப் போகாது. அதாவது வண்டியை ஓடவைக்கும்வரை அது வேறொருவர் பெயரிலேயே உங்கள் வீட்டில் நிற்கும். விற்பனை ஒப்பந்தம் கேட்டது அதற்காகத்தான். விற்றவரோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்ளாதீர்கள், ஓடிபிக்கு அவர் வேண்டும்.

முதலில் புகைச் சான்று. 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் வரை அனுமதி. புது பிஸ்டன் ரிங் பழகி உட்காரும் முன் டூ ஸ்ட்ரோக் அதிகம் புகைக்கும், கொஞ்சம் பொறுத்துப் போங்கள்.

அடுத்து இன்சூரன்ஸ். இத்தனை பழைய வண்டிக்கு ஆன்லைனில் பெரும்பாலும் 'விவரம் கிடைக்கவில்லை' என்றுதான் வரும். பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனக் கிளைக்கு ஆர்.சி. நகலோடு நேரில் போங்கள். 75 முதல் 150 சிசி வரை மூன்றாம் நபர் பிரீமியம் 714 ரூபாய். 150 முதல் 350 சிசி 1,366. அதன்மேல் ஓட்டுநர் விபத்துக் காப்பும் 18 சதவீத ஜிஎஸ்டியும்.

பிறகு படிவம் 25. 15 வருடம் தாண்டிய பைக்குக்குப் புதுப்பித்தல் கட்டணம் 1,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் திருத்தத்தின்படி 20 வருடம் தாண்டியிருந்தால் 2,000. இதோடு தமிழ்நாட்டின் பசுமை வரியும் மேலே சொன்ன தாமதக் கட்டணமும் சேரும். பெயர் மாற்றத்தையும் கூடவே போடுங்கள். ஆதாரில் இருக்கும் முகவரி இப்போது நீங்கள் குடியிருக்கும் முகவரிதானா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள்: 2024 பிப்ரவரி முதல் ஆர்.சி. விரைவுத் தபாலில்தான் வருகிறது, கவுன்டரில் கையில் தருவதில்லை. முகவரி தவறினால் திரும்பிப் போய்விடும்.

ஆய்வு நாளன்று வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். பதிவு இல்லாத வண்டி அது. குட்டி யானை பிடித்து ஏற்றிப் போங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்ப்பது ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன், கண்ணாடி, டயர், நம்பர் பிளேட், சேஸ், இன்ஜின் எண்கள் இரண்டும். சைலன்சர் கம்பெனி வடிவத்தில் இருக்க வேண்டும். கறுப்பு வண்டியைச் சிவப்பாக்கியிருந்தால் நிறத்தை ஆர்.சி.யில் ஏற்றச் சொல்லித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஆசை இருந்தால் பெயின்ட் கடைக்குப் போகும் முன்பே அலுவலகத்தில் கேளுங்கள். பின்பக்கச் சேஸை அறுத்து கஃபே ரேசர் ஆக்கிய வண்டியை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)-இன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

வாசலில் புரோக்கர்கள் வருவார்கள். பேக்லாக், வாரிசு போன்ற சிக்கல் இல்லாத வண்டிக்கு அவர்கள் தேவையில்லை. அவர்கள் நிரப்புவதும் அதே ஆன்லைன் படிவம்தான். அவர்களிடம் வேலையைக் கொடுத்தாலும் அசல் ஆர்.சி.யைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

8. தபால் வந்த அன்று

பெயர், சேஸ் எண், இன்ஜின் எண், நிறம், செல்லுபடித் தேதி ஐந்தையும் சரிபாருங்கள்; எண்களை நீங்கள் எடுத்து வைத்த பென்சில் பிரிண்டோடு ஒப்பிடுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் அன்றே திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள், அடுத்த புதுப்பித்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அங்கே மறுபடி பேக்லாக் கதைதான். செல்லுபடி முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து அடுத்த படிவம் 25 போடலாம். அந்தத் தேதியை இப்போதே போனில் நினைவூட்டலாக வைத்துவிடுங்கள்.